வடமதுரைத் தங்கச்சி

யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, அகதி முகாமில் பதியாமல் திண்டுக்கல்லில் ஒளிந்திருக்கும் யசிந்தா, முறத்துக்கு மேல் குனிந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வெயிலேறிய வாசற்படியில் போலீஸ்காரரின் லத்தி தட்டிக்கொண்டே இருக்கிறது. “சிலோன்காரங்க யாராச்சும் பதியாம இருந்தா வந்து சொல்லணும்க்கா. அது நம்ம கடமை. இது யாரு?” “என் தங்கச்சிதான், வடமதுரைல இருந்து வந்திருக்கா,” என்கிறாள் வீட்டுக்காரி லூர்தம்மாள். “தொண்டை கட்டிக்கிருச்சு, பேச்சு வரல.” அவர் தலையாட்டிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளுகிறார். அடக்கி வைத்திருந்த மூச்சு யசிந்தாவிடமிருந்து மெல்லக் கழல்கிறது, கண்ணீரும் கூடவே. அதைப் பார்த்தவர் பரிவாகக் கேட்கிறார்: “வெங்காயம் ரொம்பக் கரிக்குதாம்மா?” ஊர்ப் பேச்சை மறைக்க ‘ஆமா’ சொல்லிச் சொல்லிப் பழக்கிய நாக்கு, அந்தப் பரிவில் ஏமாந்துபோகிறது. “ஓம்,” என்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டு மறுபடி தரையில் இறங்குகிறது.