டீ மட்டும்தான் சிஸ்டர்

அமிர்தசாமி அன்றைக்கு மூன்று முறை ஊதினாரா, நான்கு முறையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஊதினார் என்பது மட்டும் நிச்சயம்.

பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அதன் பிறகே மனைவி ரோஸி மேரியின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் அடியில் தாங்கிய கையை எடுக்கவில்லை. ஊசி ஏற்றி ஏற்றி அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புற்றுநோய்ப் பிரிவு வராந்தாவின் அதே பெஞ்ச். அவர்களை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்.

எனக்கும் அவளுக்கும் ஒரே இடம், இடது மார்பு. எனக்கு ஊசியெல்லாம் முடிந்து மாத்திரைக்கு வந்தாயிற்று. அவளுக்கு அது நான்காவது ஊசி.

என் ஊசிகளுக்கு மடுகரையிலிருந்து நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் பச்சையப்பன் கெட்டவர் இல்லை. பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவந்து விடுவார். கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று திரும்பிவிடுவார்.

அமிர்தசாமி திருபுவனை கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருவார்.

“இன்னாக்கா, இன்னிக்கும் ஒண்டியாத்தான் வந்தீங்களா?” என்றாள் ரோஸி மேரி.

அன்பாகத்தான் கேட்டாள். அது இன்னும் எரிந்தது.

அந்த டீ என்ன டீ என்று எனக்குத் தெரியும். முதல் முறை பார்த்தபோது அமிர்தசாமியே பெருமையாகச் சொன்னார். வில்லியனூர் கடைத்தெருவில் ஒருத்தர் விற்கும் ஏதோ மலை இலை. மார்புக் கட்டியைக் கரைத்துவிடும் என்று விற்றவர் சொன்னாராம்.

அவர்கள் வீட்டில் அதை மருந்து என்பதில்லை. கஷாயம் என்பதில்லை. காலை டீ, மாலை டீ. அவ்வளவுதான்.

நானும் ஒரு பொட்டலம் வாங்கிப் போய்க் காய்ச்சினேன். “இன்னா நாத்தம் இது, வூட்ல எலி ஏதும் செத்துக் கெடக்குதா?” என்றார் பச்சையப்பன். டம்ளரில் ஊற்றி நானே ஊதினேன். ஒரு வாய் குடித்தேன். குடலைப் பிடுங்கும் கசப்பு. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன்.

அந்த நான்காவது ஊசியன்று நர்ஸ் கோப்போடு ரோஸி மேரி முன்னால் வந்து நின்றாள்.

“நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் ஏதாவது எடுக்கிறீங்களாம்மா? ஊசி போகும்போது டாக்டரைக் கேக்காம எதுவும் எடுக்கக் கூடாது.”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. டீ மட்டும்தான் சிஸ்டர்.”

“டீ குடிங்க, டீ குடிங்க,” என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

ரோஸி மேரி பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது டீ.

அமிர்தசாமி குனிந்து பையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லியிருக்கலாம். நர்ஸ் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். அந்த டீ எது என்று ஒரு வார்த்தை போதும்.

குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

“கசக்கக் கசக்கத்தாங்க்கா வேலை செய்யும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு மூடியைப் பெஞ்சில் வைத்தாள். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அவர் அவள் தோளைப் பிடித்துக் கதவு வரை கூட்டிப் போனார்.

மூடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

அக்கம்பக்கம் பார்த்தேன். எடுத்துக் குடித்தேன். அவர் ஊதியது அதில் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

இனித்தது.

கருப்பட்டியும் வெந்நீரும். வேறொன்றும் இல்லை.

தலை நிமிர்ந்தபோது அமிர்தசாமி எதிரில் நின்றிருந்தார்.

“உங்ககிட்ட எலையப் பத்திச் சொன்னேனே, அன்னிக்கே டாக்டர் என்னத் தனியா புடிச்சித் திட்டிட்டாருக்கா. நிறுத்துனா இவ அழுவுறா, அதான் உசுருன்னு இருக்கா. வாய் செத்துக் கெடக்குது, பச்சத் தண்ணி குடுத்தாலும் அவளுக்குக் கசக்குது. அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா.”

மூடியை என் கையிலிருந்து வாங்கிச் சட்டை நுனியில் துடைத்துத் திருகினார்.

ரோஸி மேரி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரியாது. எனக்கு மட்டும்தான் புரியும்.

பஸ்ஸில் மடுகரை வரும் வரை அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த தை மாதம், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், அமிர்தசாமி நெஞ்சுவலியில் போய்விட்டார். கடைசி வரை அவர் அவளிடம் சொல்லவில்லை.

பச்சையப்பன் நன்றாக இருக்கிறார். கரும்பு வெட்டு முடிந்தது.

ரோஸி மேரிக்கு முடி முளைத்துவிட்டது. சோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவளும் இப்போது மாத்திரைதான். புதிதாக வந்து உட்காரும் பெண்களிடமெல்லாம் அந்த டீயைப் பற்றிச் சொல்கிறாள். அந்த இலையும் அந்த மனுஷனும்தான் தன்னைக் காப்பாற்றியது என்கிறாள். கடைக்கு வழியும் சொல்கிறாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறந்ததில்லை. அவர் எனக்கு மட்டும் கொடுத்தது அந்த ரகசியம் ஒன்றுதான்.

பாகூரிலிருந்து வெரோனிகா என்று ஒரு சின்னப் பெண் வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது ஊசியன்று, “நானும் டீ குடிக்கிறேன்க்கா, செம கசப்பு,” என்று சந்தோஷமாகச் சொன்னாள். இனி ஊசி எதற்கு என்று ரோஸி மேரியிடம் கேட்டாளாம்.

மூன்றாவது ஊசிக்கு வெரோனிகா வரவில்லை.