உருளையில் பதினாறு செகண்ட்

டாக்டரம்மாவின் அப்பாவைக் கொன்று, அண்ணனையும் படுக்கையில் தள்ளிய அதே பரம்பரை நடுக்க நோய் அவரது ஆய்வுக்கூடத்து எலிக்கும் இருந்தது. அதன் மூளையில் புதுத் திசு வைத்து மூன்று மாதம். தினமும் அதைச் சுழலும் உருளையில் ஏற்றிவிட்டு, விழும்வரை டாக்டரம்மா ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்.

“பதினாறு செகண்ட்!” என்று கத்தினார். “போன மாசம் பன்னெண்டுதான். இனி அண்ணன் பிழைச்சுப்பான்!”

எலிக்கூண்டு பார்க்கும் பெரியவர் தலையைத் தொங்கப்போட்டார். “கேமராவுல பார்த்தேம்மா. இன்னிக்கும் பன்னெண்டுதான்.”

“அப்போ வாட்ச் ரிப்பேரு!”

“புதுசு மாத்தியாச்சு. எலி விழுந்து நாலு செகண்ட் கழிச்சுதாம்மா நீங்க அழுத்துறீங்க.”

“உடனே அழுத்தினேனே!”

பெரியவர் டாக்டரம்மாவின் கட்டைவிரலையே பார்த்தார்.

டாக்டரம்மா அதை மறு கையால் இறுகப் பிடித்தார். அந்தக் கையும் நடுங்கியது.