மாற்றுப்பாதைப் பலகை

அந்தப் பாலத்தைக் கட்டி முடிக்கப் போவதில்லை என்று செங்கோடனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மகள் பிறந்த வருஷம் நட்ட 'மாற்றுப்பாதை' பலகை, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதே இடத்தில் நின்று, அவனுடைய முட்டை லாரியைப் பள்ளத்துக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் முட்டை உடைவது அவன் பல்லுக்குள் கேட்கும். ஆயுதபூஜையன்று பார்த்தால், பலகைக்கு மாலை போட்டு, அம்புக்குறியின் நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று வேறு கட்டியிருந்தார்கள். நடுரோட்டிலேயே லாரியை நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"எவன்டா இதுக்குப் பூசை போட்டது?"

சிவப்புக் கொடியோடு நின்ற ஆள் பொரியை மென்றுகொண்டே சொன்னான்: "இங்க ஒழுங்கா வேலை பாக்கறது இது ஒண்ணுதாண்ணே."

செங்கோடனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கயிற்றை அவிழ்த்து ஓர் அட்டை முட்டையை இறக்கி, ஒவ்வொன்றாகப் பலகை மேல் வீசினான்.

"நாசமாப் போ! நீயும் உன்னை நட்டவனும் நாசமாப் போங்க!"

மஞ்சள் கரு அம்புக்குறி வழியாக ஒழுகி மாலையில் சொட்டியது. கொடிக்காரன் தடுக்கவில்லை, சட்டையில் தெறிக்காமல் தள்ளி நின்றுகொண்டான். அட்டை காலியாகி, மூச்சு வாங்கத் திரும்பியபோது பின்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள் நின்றிருந்தன. ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை. அடுத்த லாரியின் டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவனருகே வந்து பயபக்தியோடு கேட்டான்.

"அண்ணே, ஒரு வண்டிக்கு எத்தனை முட்டை?"