கேபினுக்குப் போன சாப்பாடு

கொச்சியில் கப்பல் ஏறியவர்கள் நான், மகன் மோகன்குமார், மருமகள் பிரவீனா. தம்பி காளிச்சாமியும் இருந்தான். அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

மகன் எடுத்தது மூன்று டிக்கெட். சாப்பாட்டு அறையில் நான்கு தட்டு வைத்தார்கள். கேட்டதற்குப் பரிமாறுபவர் பட்டியலைக் காட்டினார். நான்காவது பெயர் காளிச்சாமி. அந்தத் தட்டில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"ஏனுங்க மாமா, அது யாருக்குங்க?" என்றாள் பிரவீனா.

"உன்ற சின்ன மாமனாருக்குத்தான் அம்மணி. அவன் எங்கூட ஒரே பந்தியில உக்கார மாட்டான்."

மோகன்குமார் கல்யாணத்துக்கு அவனை வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல் போனில் அழைத்தேன். அதன்பிறகு சாகும்வரை அவன் என் எதிரில் கை நனைக்கவில்லை.

"உசுரோட இருந்தப்பவே வராதவரு கப்பலுக்கா வரப்போறாருங்கப்பா?" என்று மகன் சிரித்தான்.

தட்டைக் கேபினில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கால் வலித்தது. அரை மணி கழித்துப் பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்று நாளும் ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். மகன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசி வேளையில் கதவோரம் நின்று, "தப்பு என்ற மேலதான் காளிச்சாமி" என்றேன். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது.

அண்ணனும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள் என்று எங்கள் ஊர் கணபதியில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவன் சாப்பிட்டான். பதில் சொல்லவில்லை.