குடிபெயர்ந்தவர்

“பாத்தீங்களா உமேஷ், விடிஞ்சும் விடியாம வந்து நிக்கிறாங்க. எல்லாம் துட்டு வாங்கின விசுவாசம்!”

முடிச்சூர் பள்ளிக்கூடத்து ஓட்டு வரிசையில் நின்றபடி கஸ்தூரிரங்கன் சொன்னார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பக்கத்து அபார்ட்மென்ட் சங்கத்துச் செயலாளர். பின்னால் நின்ற மேல்மாடி உமேஷ் சிரித்தான்.

அவர் கைகாட்டிய ஏழைப் பெண் எல்லம்மா, வாசலில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த, அந்த வட்டாரத்துப் பட்டியல் வேலையையும் பார்க்கும் அங்கன்வாடி டீச்சர் ஹேமாவதியிடம் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் பேர் இல்லம்மா. நீக்கிட்டாங்க.”

“இன்னா டீச்சர் சொல்ற? அட்டை கைல கீதே!”

“அட்டை இருந்தாப் போதாது. லிஸ்ட்ல பேர் இருக்கணும்.”

எல்லம்மா நகரவில்லை. “நல்லாப் பாரு டீச்சர். இன்னொரு தபா பாரு.”

கஸ்தூரிரங்கனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “ஏம்மா, ஓட்டு போடலன்னா வாங்கின காசைத் திருப்பிக் கேப்பாங்களா? நகரு!”

எல்லம்மா திரும்பினாள். குரலில் கோபமில்லை.

“பேரே இல்லாதவளுக்கு எவன் சார் துட்டு குடுப்பான்? ஆத்தோரம் எங்க வூட்ட இட்சிட்டு பெரும்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. அங்க பேரு சேக்கச் சொல்லி மூணு தபா மனு குடுத்தேன், வரல. இங்கயாச்சும் கீதேன்னு நாலு மணிக்கே கெளம்பி ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன். இங்கயும் இல்லன்னா, நான் உசுரோட கீறேன்னு எங்க போய் சார் காட்டுவேன்?”

கஸ்தூரிரங்கனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வரிசையை விட்டு மேசைக்கே வந்துவிட்டார்.

“என்ன மேடம் அநியாயம் இது? பேரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டாமா?”

“அனுப்பினோம் சார். அங்க வீடே இல்ல. திரும்பி வந்துடுச்சு.”

“யாரோ எழுதிக் கொடுக்காம எடுத்திருக்க மாட்டீங்க. யார் அந்தப் புண்ணியவான்? காட்டுங்க.”

ஹேமாவதி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “வேணாம் சார், விட்டுடுங்க.”

“ஏன் விடணும்? ஒரு ஏழையோட ஓட்டைப் பறிச்சவன் பேர் நாலு பேருக்குத் தெரியட்டும்!”

அவள் பையிலிருந்து ஒரு காகிதக்கட்டை எடுத்து வைத்தாள். ஆற்றோரத்துக்காரர்கள் நாற்பத்தொரு பேரின் பெயரை நீக்கச் சொல்லி நாற்பத்தொரு படிவம். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: ‘நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். கள்ள ஓட்டு விழ வாய்ப்புண்டு.’

வலப்பக்கம் சாய்ந்த, முத்து முத்தான எழுத்து. ஜனவரியில் இரண்டு நாள் உட்கார்ந்து கஸ்தூரிரங்கனே எழுதியது. சங்கக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது; அதோடு அதை மறந்தும் போனார்.

எல்லம்மா அவர் தோளோரம் எட்டிப் பார்த்தாள்.

“நீங்களாச்சும் எனக்காகக் கேட்டீங்களே, நல்லாயிருக்கணும் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. யாரு பேரு சார் போட்டுக்கீது?”

“கையெழுத்து சரியாப் புரியலம்மா” என்று சொல்லிவிட்டு, ஓட்டுப் போட வரிசைக்குத் திரும்பினார் கஸ்தூரிரங்கன்.