துடக்கு வான்

"நானா, இந்த வான் வண்டியிலை துடக்கு ஏதும் இருக்கோ?"

சுகிர்தன் கேட்டதும் வான் சொந்தக்காரர் புவாத் நானாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"தொடக்கமா? ஒரே செல்ஃப் தம்பி! எந்த மழையிலயும் புடிக்கும்."

சொன்ன கையோடு திறப்பைத் திருகியும் காட்டினார். டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. சுகிர்தனின் மனைவி உஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

மாளிகாவத்தைத் தொடர்மாடிக்குக் கீழே ஒரு மணித்தியாலமாக அந்த வானைக் குடைந்துகொண்டிருந்தான். எண்ணெய் மூடியைத் திறந்து எஞ்சின் புகை தள்ளுகிறதா என்று பார்த்தாயிற்று. கதவடியில் துரு, டயரில் தேய்மானம் எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி என்று ஒரு குட்டி வீடே இருந்தது. அறுகம்பேக்கு வெள்ளைக்காரரை ஏற்றி ஓடிய வண்டி. குறை ஒன்றும் அகப்படவில்லை. குறை பிடிக்காமல் ஒரு சாமானை வாங்கினால் சுகிர்தனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வான் அம்மாவுக்காகத்தான். அப்பாவின் திவசத்தை ஊரில், அச்சுவேலியில் செய்துவிட்டு, பிள்ளைகளோடு திருகோணமலை, மட்டக்களப்பு என்று பத்து நாள் சுற்றி வருவதாகத் திட்டம். முதுகெலும்பு தேய்ந்த அம்மாவால் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க முடியாது. படுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. மூன்று திவசம் வெள்ளவத்தை வீட்டிலேயே கழிந்துவிட்டது. நானாவின் நம்பரைத் தந்ததும் அம்மாதான்.

"அந்த மனுசன் வானைக் குடுக்கப்போறாராம். வாங்கினால் அதையே வாங்கு தம்பி" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தொடக்கம் இல்லை நானா, துடக்கு. செத்தவீட்டுத் தீட்டு. இதிலை பிரேதம் ஏதும் ஏத்தினதோ எண்டு கேக்கிறன்."

நானா எஞ்சினை நிறுத்தினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும்.

"ஒரே ஒரு மையத்து ஏத்தினன் தம்பி. பொய் சொல்ல ஏலாது."

"இந்தக் கட்டில்லையோ?"

"ஓ."

"ஆரின்ரை?"

நானா அவன் முகத்தைப் பார்த்தார். "அத நான் சொல்றது சரியில்ல. நல்ல மனுசன்."

"நல்ல மனுசனாம்! திவசத்துக்குப் போற அம்மாவை, ஆரோ ஒருத்தன்ரை பிணம் கிடந்த கட்டில்லை படுக்கச் சொல்லுறியளோ? நான் கேக்காட்டி மறைச்சு வித்திருப்பியள், என்ன?"

"இஞ்சாருங்கோ, மெதுவாக் கதையுங்கோ." உஷாந்தி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

நானா திறப்பைக் கழற்றி எடுத்தார். "உங்கட உம்மாவ சுகம் கேட்டனெண்டு சொல்லுங்க" என்றார். பிறகு, காலையிலிருந்து வானைக் கேட்டுக் காத்திருந்த வத்தளைக்காரருக்குப் போன் எடுத்தார். "வாங்க, வந்து எடுங்க."

வெள்ளவத்தைக்கு வந்தும் சுகிர்தன் நேரே வீட்டுக்கு ஏறவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்துக் குழாயடியில், உடுத்த உடுப்போடு நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். உஷாந்தியையும் கால் கழுவ வைத்தான். காவலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"என்ன தம்பி, ஈரத்தோடை வாறாய்?" கட்டிலில் படுத்திருந்த அம்மா கேட்டார்.

"தப்பினம் அம்மா! அது பிணம் ஏத்தின வான். நல்லவேளை, கேட்டன். இல்லாட்டி எங்களுக்குத் தலையிலை கட்டியிருப்பார்." ஏதோ கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவன்போலச் சொன்னான்.

"வான் இப்ப எங்கை?"

"வத்தளை ஆள் ஒருத்தருக்குப் போயிட்டுது. விட்டுது சனியன்."

அம்மா முகட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"கட்டிலைப் பாத்தனியோ?"

"பாத்தனான். அதிலைதானாம் கிடத்தினது."

"ஓம், அதிலைதான். அச்சுவேலி போய்ச்சேருமட்டும் தலைமாட்டிலை நான்தான் இருந்தனான்."

சுகிர்தனின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீசல் இல்லாத வருசம். நீங்கள் கட்டாரிலை, வந்துசேரேல்லை. ஒரு வாகனக்காரனும் வரமாட்டன் எண்டுட்டான். அப்பாவுக்குப் பாமசி மருந்து வரிசையிலை பழக்கமான மனுசன் இவர். தன்ரை உழைப்புக்கெண்டு ரெண்டு நாள் கியூவிலை நிண்டு அடிச்ச டீசலை அப்பாவுக்காக எரிச்சவர். சுடலை வரைக்கும் வந்து நிண்டவர்."

"ஏனம்மா என்னட்டைச் சொல்லேல்லை?"

"அப்பாவை எப்பிடிக் கொண்டுபோனனீங்கள் எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நானாவிடம் கத்திய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அவனைச் சுட்டது. நானாவுக்குப் போன் எடுத்தான்.

"திறப்பக் குடுத்துட்டன் தம்பி" என்றார் நானா. "பரவால்ல, நீங்க ஒண்டும் மனசில வெச்சிக்காதீங்க."

"அவர் கிடந்து போன இடத்திலை நானும் ஒருக்காப் படுத்துக்கொண்டு போவம் எண்டு ஆசைப்பட்டன்" என்றார் அம்மா. கைக்கெட்டிய துவாயை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தலையைத் துடை, தடிமன் பிடிக்கும். பெத்த தேப்பனையெல்லோ தம்பி தலைமுழுகிப்போட்டு வந்து நிக்கிறாய்."