ஐஸில் வந்த புரதம்

சேலத்திலிருந்து வர வேண்டிய புரதப் பெட்டி மதியமாகியும் வரவில்லை. தருமபுரியில் தன் ஆய்வகத்தின் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தே பிரியதர்ஷினிக்குக் கால் வலித்தது. ஐஸ் உருகிவிட்டால் மூன்று மாதக் காத்திருப்பும் வீண்.

கடைசியில் பெட்டியோடு வந்து நின்ற கூரியர்காரரைப் பார்த்ததும் தவிப்பு கூடியது. அவர் சவரிராயன். புற்றுநோய் கண்ட தன் மனைவி ஆரோக்கியம்மாளை, ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க இரண்டு மாதத்துக்கு முன் இங்கே அழைத்து வந்தவர்.

"அதியமான்கோட்டைகிட்ட லாரி கவுந்து ரோடு அடைச்சிருச்சுங்க மேடம். சுத்திக்கிட்டு வந்தேன். ஐஸ் கரையலீங்களே?"

"இல்லைங்க."

இவர் இதை மருந்தென்று நினைத்துவிட்டாரே, எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் பதைத்தது.

"உட்காருங்கய்யா. நோயை எதிர்க்கிற அணுக்களை அடக்கி வைக்கிற புரதம் ஒண்ணு நம்ம உடம்புல இருக்கு. அதையே லேப்ல செஞ்சு அனுப்பியிருக்காங்க. இது ஆராய்ச்சிக்கு மட்டுந்தான், யாருக்கும் ஊசியாப் போட முடியாது. இதையும் அம்மா குடுத்த ரத்தத்தையும் வெச்சு மருந்து கண்டுபிடிக்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். அம்மாவுக்கு..."



"தெரியுங்க மேடம். அவகிட்ட அன்னிக்கே எல்லாம் சொல்லித்தானே ரத்தம் எடுத்தீங்க." சவரிராயன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "நேத்துதான் அவளுக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்சுது. அந்த ரத்தம் மட்டும் வீணாப் போவக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாளுங்க. அதான் இந்தப் பார்சல நானே கொண்டாறேன்னு ஆபீஸ்ல கேட்டு வாங்கியாந்தேன். ரத்தம் பத்திரமா இருக்குதுங்களா?"

பிரியதர்ஷினி எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள்.